முதல் ரேஸ்: நேரத்தைப் பார்க்காதீர்கள், நோக்கத்தைப் பாருங்கள்

ஷூ வாங்குவதற்கு முன்னால் ஒரு தேதியைக் குறியுங்கள். ஓடத் தொடங்க நினைக்கும் அலுவலகவாசிகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். தேதி இல்லாத வேலை எதுவும் அலுவலக வாழ்க்கையில் நடப்பதில்லை. ரிலீஸ், ஆடிட், மாதக் கணக்கு முடிப்பு என்று தேதி உள்ளவை முன்னால் வந்து நிற்கும். காலை ஓட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். இன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து நடக்கும் ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுத்துப் பாருங்கள். அலாரம் அடித்ததும் எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

எந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலோர் ஊரிலேயே பெரிய மாரத்தான் எது என்று விசாரிப்பார்கள். எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள். முதல் ரேஸுக்கு இரண்டுமே தேவையில்லை. டார்கெட், ரேட்டிங், அப்ரைசல் என்று அலுவலகம் ஆண்டு முழுக்க நம்மை அளந்துகொண்டேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இன்னோர் அளவுகோலுக்கு முன்னால் போய் நின்றால், மெதுவாக ஓடுகிறவர் ஒரே ரேஸோடு ஒதுங்கிவிடுவார். ஒரு நோக்கத்துக்காகவோ, ஒரு கொண்டாட்டத்துக்காகவோ, ஓர் இடத்தின் அழகுக்காகவோ நடத்தப்படும் தீம் ரன்னைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கடைசியாக வருகிறவரும் அந்த நிகழ்ச்சியில் முழுப் பங்காளிதான். ஓட்டத்தில் நீங்கள் நிலைத்து நிற்பதை முதல் ரேஸின் நேரம் தீர்மானிப்பதில்லை. அங்கே உங்களுக்குக் கிடைக்கும் உணர்வுதான் தீர்மானிக்கிறது.

உங்கள் மனசுக்கு எந்த ஓட்டம்?

*ஒரு காரணத்துக்காக ஓட விரும்புகிறவருக்கு:* இந்த வகைக்கு வழிகாட்டி கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143 நாள், 5,373 கிலோமீட்டருடன் ஓட்டம் நின்றது. மறு ஆண்டு ஜூனில், 22 வயதில் காலமானார். அதே 1981இல் அவர் பெயரில் தொடங்கிய ஓட்டம் பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் ஐஐடி வளாகத்தில் நடந்திருக்கிறது. இதில் போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஓடலாம், நடக்கலாம். கோயம்புத்தூர் மாரத்தானும் இந்த வழியில் வந்ததுதான்: கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக 2013 முதல் நடக்கிறது. வீட்டிலோ நட்பிலோ புற்றுநோயைப் பார்த்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஓட்டத்தில் கால் தானாக நகரும்.

*கூட்டத்தைக் கண்டு கூச்சப்படும் பெண்களுக்கு:* மிலிந்த் சோமனும் ரீமா சாங்வியும் 2012இல் மும்பையில் தொடங்கிய பிங்கத்தான் பெண்களுக்கு மட்டுமானது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வும் பெண்களின் உடல்நலமும் அதன் மையம். 3 கிலோமீட்டர் பிரிவும் வைத்து நடத்தியிருக்கிறார்கள் என்பதால் நேற்றுவரை ஓடாதவரும் துணிந்து சேரலாம். சேலையிலும் சுடிதாரிலும் ஓடுகிறவர்களை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

*வேடிக்கையும் வேஷமும் பிடித்தவருக்கு:* மும்பை மாரத்தானின் ட்ரீம் ரன் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். தொண்டு நிறுவனங்களும் அலுவலகக் குழுக்களும் வேஷம் கட்டி, பதாகை பிடித்து ஓடும். பெங்களூரு வேர்ல்ட் 10கே நிகழ்ச்சியின் பகுதியான மஜ்ஜா ரன்னும் இதே ரகம். அலுவலக நண்பர்கள் நான்கைந்து பேர் ஒரே கருத்தில் உடை அணிந்து போக மிகவும் ஏற்றது. வண்ணப்பொடி தூவும் ஓட்டங்களும் இதில் சேரும். அமெரிக்காவில் 2012இல் முதன்முதலாக நடந்த 'கலர் ரன்' 5 கிலோமீட்டர். நேரம் குறிக்க மாட்டார்கள். அந்தப் பாணியைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் கண்ணாடி அணிந்து, முகத்திலும் முடியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகலாம்.

*அமைதி வேண்டுகிறவருக்கு:* ஆரோவில் மாரத்தான். 2008இல் தொடங்கியது, பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். செம்மண் பாதை, மரங்களுக்கு நடுவில் ஓட்டம். முழு மாரத்தான் இருந்தாலும் முதலிடம் என்ற அறிவிப்போ பரிசோ இல்லை. ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே ஓடுங்கள் என்பதுதான் அதன் கொள்கை. தூரம் 10 கிலோமீட்டரிலிருந்து தொடங்குவதால் இதற்கு நான்கு மாதத் தயாரிப்பு வேண்டும். மேடுபள்ளமான பாதையும் வேரும் கல்லும் இருக்கும் என்பதால், அதற்கு முன் ஒருமுறையாவது மண் பாதையில் ஓடிப் பழகுங்கள்.

*மரபை முன்வைக்க விரும்புகிறவருக்கு:* 2017இல் ஹைதராபாத் மாரத்தானில் ஒரு பெண் கைத்தறியின் பெருமையைச் சொல்லச் சேலை கட்டிக்கொண்டு 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். தனியாக ஒரு தீம் ரன் உங்கள் ஊரில் இல்லாவிட்டால், சாதாரண ஓட்டத்தையே உங்கள் நோக்கத்துக்கான ஓட்டமாக ஆக்கிக்கொள்ளலாம். ஊர் ஏரியைத் தூர்வார நிதி, படித்த பள்ளிக்கு நூலகம், ஓய்வுபெறும் மூத்த ஊழியருக்கு மரியாதை என்று எதுவாகவும் இருக்கலாம். அதை டி-ஷர்ட்டில் எழுதிக்கொண்டு ஓடுங்கள்.

பணம் கட்டும் முன் ஆறு கேள்விகள்

1. 5 கிலோமீட்டர் பிரிவு இருக்கிறதா? முதல் ரேஸுக்கு இதுதான் சரியான தூரம். ஓடி முடியாவிட்டால் நடந்தே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

2. கட்-ஆஃப் நேரம், அதாவது ஓட்டத்தை முடிக்கத் தரும் அதிகபட்ச நேரம் என்ன? நடப்பவர்களையும் ஏற்கும் ஓட்டம்தானா என்பது இதில் தெரிந்துவிடும்.

3. பணம் எங்கே போகிறது? எந்த அமைப்புக்கு, என்ன வேலைக்கு என்று வெளிப்படையாகச் சொல்லாத 'சேவை ஓட்டம்' வேண்டாம். நுழைவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. வருமான வரியில் சலுகை, உரிய ரசீதுடன் கூடிய நன்கொடைக்குத்தான். அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

4. ஆம்புலன்ஸ், முதலுதவி, தண்ணீர் எத்தனை இடங்களில்? 5 கிலோமீட்டருக்கு வழியில் ஓரிடத்திலாவது தண்ணீர் இருக்க வேண்டும்.

5. எந்த மாதம், எத்தனை மணிக்கு? தமிழ்நாட்டில் நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை ஓடுவது சுகம். சென்னை மாரத்தானும் ஜனவரியில்தான் நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்குத் தொடங்கும் ஓட்டத்தில் புதியவர்கள் சேர வேண்டாம்.

6. தொடக்க இடத்துக்கு எப்படிப் போவது? விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்தும் மெட்ரோவும் கிடைக்காத இடமென்றால் யாருடன் போகப் போகிறோம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

தேதியும் தூரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நிகழ்ச்சியின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பத்து வாரத் திட்டம்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ஓட்டமும் நடையும் மாறி மாறி என்பதுதான் அடிப்படை. ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' என்ற ஒன்பது வாரத் திட்டம் உலகெங்கும் லட்சக்கணக்கானோரை ஓட வைத்தது இந்த முறையில்தான். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலவே முழு மாரத்தானுக்கே இதைப் பரிந்துரைத்தவர். ஆகவே நடுவில் நடப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். அதுவும் பயிற்சியின் பகுதியே.

வாரத்துக்கு மூன்று நாள் போதும்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஒவ்வொரு நாளும் முதலில் ஐந்து நிமிட வேக நடை, கடைசியில் ஐந்து நிமிட மெதுநடை.

வாரம் 1, 2: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை.

வாரம் 3, 4: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு முறை.

வாரம் 5, 6: நான்கு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து முறை.

வாரம் 7, 8: எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மூன்று முறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு முறை.

வாரம் 9: பன்னிரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மூன்று முறை.

வாரம் 10: செவ்வாயும் வியாழனும் இருபது நிமிடம் லேசான ஓட்டம். ஞாயிறு ரேஸ்.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். தேதிக்கு ஓரிரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்குத்தான்.

வேகத்துக்கு ஒரே சோதனை பேச்சு. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிச் சொல் சொல்லாக உடைந்தால் வேகம் அதிகம். புதியவர்கள் ஓட்டத்தை விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் முதல் வாரத்திலேயே வேகமாக ஓடுவதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும்; தசைநாருக்கும் எலும்புக்கும் கூடுதல் காலம் பிடிக்கும். 'இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே' என்று தோன்றும் நாளில் திட்டத்தோடு நிறுத்துவதுதான் கெண்டைக்காலையும் முழங்காலையும் காப்பாற்றும். தசை வலி சில நாட்களில் போய்விடும். ஒரே இடத்தில் குத்துவது போன்ற வலியோ நொண்ட வைக்கும் வலியோ வந்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓடும் இடத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, அண்ணா நகர் டவர் பார்க், கோவையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதை எல்லாம் விடியலிலேயே விழித்துக்கொள்ளும் இடங்கள். தமிழ்நாடு சுகாதாரத் துறை 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, லண்டன் வாழ் தமிழர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2004இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேருடன் தொடங்கிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் இலவசமாக நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டம். ரேஸுக்கு ஒத்திகை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஷிப்ட்டுக்கும் மீட்டிங்குக்கும் நடுவில்

ஒரு நாள் பயிற்சிக்கு முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வேண்டும். அதை அலுவலக நாட்காட்டியிலேயே போட்டுவையுங்கள். காலை ஏழரை மணிக்கு அலுவலக அழைப்பு இருக்கிற நாளில் ஓட்டத்தை முந்தைய மாலைக்கு மாற்றுங்கள், ரத்து செய்யாதீர்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே ஓடப் போவது ஆபத்து. தூங்கி எழுந்து மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு ஓடுங்கள். வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்பவர்களுக்கு இதுவே சரிப்படும். வார நாட்களில் ஒன்று தவறினால் சனிக்கிழமையில் ஈடுகட்டலாம். ஆனால் தவறிய இரண்டு நாளையும் சேர்த்து ஒரே நாளில் ஓட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடின உழைப்பு என்கிறது. மேலே உள்ள திட்டம் உங்களை அந்த வரம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புத் தசைகள் இறுகியிருக்கும். மதிய இடைவேளையில் பத்து நிமிட நடையும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியும் காலையில் ஓடும்போது கைகொடுக்கும்.

ஷூ, உடை, சாப்பாடு

ஷூவை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விலையையும் நிறத்தையும் விட, போட்டதும் உறுத்தாமல் இருப்பதுதான் முக்கியம். கடையிலேயே நான்கு எட்டு ஓடிப் பாருங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையில் ஊறிக் கொப்புளம் தரும். ஓட்டத்துக்கென்று விற்கும் சாக்ஸ் வாங்குங்கள். பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்குச் சமமான அவசியம். இருட்டில் ஓடுகிறவர்கள் வெளிர்நிற உடையில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். தெருநாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்தே கடந்து செல்லுங்கள்.

வேஷம் போட்டு ஓடப் போகிறீர்கள் என்றால் அந்த உடையிலேயே ஒருமுறையாவது மூன்று கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். முகமூடி மூச்சை அடைக்கும், ஜரிகை உராயும், கீழே தொங்கும் துணி காலில் சிக்கும். இதெல்லாம் வீட்டுத் தெருவிலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். 5 கிலோமீட்டருக்கு விசேஷ பானமும் ஜெல்லும் தேவைப்படாது. ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். முடிந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், பிறகு வழக்கமான காலை உணவு. ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்காதீர்கள்.

அலுவலகத்தில் ஒரு குழு

தனியாகத் தொடங்குகிறவரைவிட, வாயிலில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தவர் தொடர்ந்து வருவார். இரண்டு பேர் போதும், குழு தொடங்கிவிட்டது.

நிறுவன ஊழியர்கள் சேர்ந்து ஓடுவது பழைய பழக்கம். 1977இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் தொடங்கி, இன்று ஜே.பி. மார்கன் கார்ப்பரேட் சேலஞ்ச் என்ற பெயரில் நடக்கும் ஓட்டம் பல நாட்டு நகரங்களுக்குப் பரவியிருக்கிறது. தூரம் 3.5 மைல், அதாவது 5.6 கிலோமீட்டர். நம் ஊர்ப் பெரிய ஓட்டங்களிலும் நிறுவனக் குழுக்களுக்குத் தனிப் பதிவு இருப்பதுண்டு. மனிதவளத் துறையிடம் கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எத்தனை பேர், எந்த நாள், ஒருவருக்கு எவ்வளவு செலவு, எந்த அமைப்புக்கு நன்கொடை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கட்டணத்தில் பாதியை நிறுவனம் ஏற்றாலே சேர்கிறவர்கள் கூடுவார்கள். குளியலறை வசதி இருக்கும் அலுவலகமானால் காலையில் அதைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். அது டி-ஷர்ட்டைவிடப் பெரிய உதவி.

குழுவுக்கு மூன்று விதி வையுங்கள். ஒன்று, யாரையும் வற்புறுத்தக் கூடாது. மேலதிகாரி அழைக்கும்போது 'வரவில்லை' என்று சொல்வது எளிதல்ல என்பதை மேலதிகாரிகள்தான் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு, வாட்ஸ்அப் குழுவில் நேரப் பட்டியலும் ஒப்பீடும் வேண்டாம். மூன்று, கடைசியாக வருகிறவர் வந்து சேரும்வரை யாரும் கிளம்பக் கூடாது. எடை, வயது, உடல்வாகு பற்றிய பேச்சுக்கு இடமே இல்லை.

ஓட்ட நாள்

பிப் எனப்படும் எண் அட்டையை முன்பே போய் வாங்கி வையுங்கள். பல நிகழ்ச்சிகளில் ஓட்ட நாளன்று கொடுக்க மாட்டார்கள். அதன் பின்பக்கத்தில் ரத்த வகையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். இரவே உடையில் குத்திவிடுங்கள். புதிய ஷூ வேண்டாம்; ஒரு மாதமாவது பழகிய ஷூ வேண்டும்.

முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கழிப்பறை வரிசைக்கே இருபது நிமிடம் போகும். வரிசையின் பின்பகுதியில் நில்லுங்கள். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் பாயும்; கூடவே பாயாதீர்கள். முதல் கிலோமீட்டர் பயிற்சியைவிட மெதுவாக இருக்கட்டும். நடக்க வேண்டுமென்றால் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடங்கள். தலைசுற்றல், நெஞ்சழுத்தம், வியர்வை நின்று குளிர்தல் இருந்தால் உடனே நின்று தொண்டர்களைக் கூப்பிடுங்கள். மெடல் இன்னொரு நாள் கிடைக்கும்.

முடிந்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். இரண்டு நாள் ஓய்வெடுங்கள்.

அதற்குப் பிறகு

அந்த வாரத்துக்குள்ளேயே அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் பத்து வாரப் பழக்கம் ஒரே மாதத்தில் கலைந்துபோகும். 10 கிலோமீட்டருக்குத் தாவ வேண்டிய கட்டாயமில்லை. இன்னொரு நோக்கத்துக்காக இன்னொரு 5 கிலோமீட்டர் ஓடலாம்; இந்த முறை புதிதாக ஒருவரை அழைத்துக்கொண்டு அவர் வேகத்திலேயே கூட ஓடலாம். ஒரு நிகழ்ச்சியில் தொண்டராகவும் நில்லுங்கள். தண்ணீர் கொடுக்கிற மேசைக்குப் பின்னால் நின்றால், கடைசி வரிசையில் வருகிறவர்கள் எத்தனை உறுதியோடு வருகிறார்கள் என்பது தெரியும். வேகத்தைக் கூட்டும் ஆசை அதன் பிறகு வந்தால் வரட்டும். அப்போது கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளலாம். ஓட்டம் அதற்குள் உங்கள் வாழ்க்கையில் நிலைத்துவிட்டிருக்கும்.